எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் ஒரு நூலகம் செய்தவர்: புரூணோ முனாரி

1945 ஏப்ரல் மாத இறுதியில் இத்தாலியின் மிலான் நகரில் போர் ஓய்ந்தது. போர்க்காலம் முழுவதும் விமானத் தாக்குதல்களைக் கண்ட நகரம் அது. 1943 ஓகஸ்ட் மாதத்தில் அடுத்தடுத்த இரவுகளில் விழுந்த குண்டுகளால் லா ஸ்காலா இசையரங்கின் கூரை சரிந்தது. பிரேரா ஓவியக்கூடத்தின் மண்டபங்கள் இடிந்தன. 1944 ஒக்டோபர் 20 ஆம் திகதி காலை, கோர்லா என்ற பகுதியிலிருந்த ஆரம்பப் பாடசாலை மீது அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டு விழுந்தது. பதுங்கும் அறையை நோக்கிப் படியிறங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் 184 பேர் கொல்லப்பட்டார்கள். இலக்கு பாடசாலை அல்ல, நகரின் வடக்கேயிருந்த தொழிற்சாலை என்று விளக்கம் சொல்லப்பட்டது. அப்படியான விளக்கங்களின் பெறுமதி என்னவென்று எங்கள் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

போர் ஓய்ந்த அதே 1945 ஆம் ஆண்டில், இத்தாலியின் பெரிய பதிப்பகங்களில் ஒன்றான மொண்டடோரி, சின்னப் பிள்ளைகளுக்கென்று ஏழு படப் புத்தகங்களை வெளியிட்டது. அவற்றில் போர் இல்லை, அறிவுரையும் இல்லை. பக்கத்துக்குள்ளே ஒரு கதவு இருந்தது. கதவைத் திறந்தால் அதற்குள் இன்னொரு பக்கம் இருந்தது. அந்தப் புத்தகங்களைச் செய்தவர் புரூணோ முனாரி. அவருக்கு அப்போது 37 வயது. அவருடைய ஒரே மகனுக்கு ஐந்து வயது.

முனாரியை உலகம் பல பெயர்களில் அறியும். ஓவியர், சிற்பி, வடிவமைப்பாளர், எழுத்தாளர், ஆசிரியர் என்று எதைச் சொன்னாலும் பிழையில்லை. ஆனால் அவருடைய 90 வருட வாழ்க்கையில் ஒரு கேள்வி விடாமல் திரும்பத் திரும்ப வருகிறது. இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாத ஒரு பிள்ளைக்குப் புத்தகம் என்றால் என்ன? அந்தக் கேள்விக்கு அவர் கடதாசியிலும் துணியிலும் மரத்திலும் பதில் தேடினார்.

ஆற்றங்கரைப் பையன்

முனாரி 1907 ஒக்டோபர் 24 ஆம் திகதி மிலானில் பிறந்தார். தகப்பன் உணவகங்களில் பரிமாறுபவராக வேலை செய்தவர். தாய் விசிறிகளில் பூவேலை செய்தவர். புரூணோவுக்கு ஆறு வயதானபோது குடும்பம் மிலானை விட்டு, வடகிழக்கு இத்தாலியின் பாடியா பொலேசினே என்ற சிறிய ஊருக்குப் போனது. அங்கே பழைய பிரபு வம்சமொன்றின் மாளிகையைப் பெற்றோர் விடுதியாக்கி நடத்தினார்கள்.

அந்த ஊரைத் தொட்டுக்கொண்டு அடிஜே ஆறு ஓடுகிறது. ஆற்றில் மரத்தாலான ஒரு பழைய நீராலை இருந்தது. தண்ணீர் தள்ளச் சக்கரம் சுழல்வதையும், சுழன்று வரும் பலகையில் பாசியும் வெளிச்சமும் மாறிமாறித் தோன்றுவதையும் பார்த்து வளர்ந்தார் முனாரி. முறையான கலைக் கல்லூரிப் படிப்பு அவருக்கு இல்லை. ஒரு பொருள் எதனால் செய்யப்பட்டது, தொட்டால் எப்படி இருக்கும், அசைத்தால் என்ன நடக்கும் என்று பார்க்கிற பழக்கம் அந்த ஆற்றங்கரையிலிருந்து வந்தது. கடைசிவரை அது அவரை விட்டுப் போகவில்லை.

போரைப் புகழ்ந்தவர்களோடு

இளைஞனாக மிலானுக்குத் திரும்பிய முனாரி, 1920 களின் பிற்பகுதியில் எதிர்காலவாதிகள் எனப்பட்ட கலைஞர் குழுவோடு சேர்ந்தார். வேகம், இயந்திரம், விமானம் ஆகியவற்றைக் கொண்டாடிய இயக்கம் அது. அதன் தலைவர் மரினெட்டி 1909 இல் எழுதிய பிரகடனம் போரையே உலகைச் சுத்திகரிக்கும் மருந்தாகப் புகழ்ந்தது. பின்னாளில் அந்த இயக்கம் முசோலினியின் பாசிச ஆட்சியோடு நெருங்கி நின்றது. முனாரியின் வாழ்க்கையை எழுதும்போது இந்தப் பகுதியை மறைத்துவிட்டுப் போகமுடியாது. அவர் அந்தக் குழுவின் கண்காட்சிகளில் கலந்துகொண்டவர். 1934 இல் அவர்களுடைய பிரகடனமொன்றில் கையெழுத்திட்டவர்.

ஆனால் அதே காலத்தில் அவர் செய்த வேலையைப் பார்த்தால், அவருடைய மனம் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது தெரிகிறது. தோழர்கள் இயந்திரத்தின் பலத்தைப் பாடிக்கொண்டிருந்தபோது முனாரி பயனற்ற இயந்திரங்கள் என்று பெயர்வைத்துச் சிலவற்றைச் செய்தார். மெல்லிய மட்டைத் துண்டுகளையும் தடிகளையும் நூலில் கட்டித் தொங்கவிட்டார். அறையில் யாராவது நடந்தால் அந்தக் காற்றுக்கு அவை மெதுவாகத் திரும்பும். அவற்றால் எதையும் உற்பத்தி செய்யமுடியாது. எதையும் அழிக்கவும் முடியாது. தொட்டில் மேலே கட்டித் தொங்கவிடும் விளையாட்டுப் பொருளுக்கும் அவற்றுக்கும் அதிக தூரமில்லை.

போருக்குப் பிறகு முனாரி எதிர்காலவாதிகளின் பாதையிலிருந்து விலகினார். 1948 இல் சொல்டாட்டி, டோர்ஃபிளெஸ், மொன்னெட் ஆகியோருடன் சேர்ந்து மிலானில் புதிய கலை இயக்கமொன்றைத் தொடங்கினார். வடிவத்தையும் நிறத்தையும் பொருளையும் அவற்றுக்காகவே ஆராய்ந்த இயக்கம் அது. விமானங்களை வியந்த குழுவில் இருந்தவர், வியக்கப்பட்ட அதே விமானங்கள் நகரத்தை இடித்த பிறகு ஒரு பிள்ளையின் கைக்கு அடங்கும் பொருட்களின் பக்கம் திரும்பினார். இதைப் பாவ மன்னிப்பு என்று சொல்லிவிட முடியாது. அவருடைய வாழ்க்கை போன திசை இது.

ஐந்து வயது வாசகன்

முனாரி 1934 இல் டில்மா கார்னெவாலியை மணந்தார். 1940 இல் மகன் அல்பேர்ட்டோ பிறந்தான். போர்க்காலத்தில் முனாரி மொண்டடோரி பதிப்பகத்தின் சஞ்சிகைகளில் பக்க வடிவமைப்பைக் கவனித்து வந்தார். அச்சு, மை, கடதாசி, வெட்டு, மடிப்பு என்று புத்தகம் உருவாகும் ஒவ்வொரு கட்டமும் அவருக்குக் கைவந்த வேலை. ஆனால் தன் மகனுக்கு என்று ஒரு நல்ல புத்தகம் தேடினால் மனதுக்குப் பிடித்தது கிடைக்கவில்லை. ஆகவே தானே செய்தார்.

அந்த ஏழு புத்தகங்களில் ஒன்று லொறிக்காரன் ஒருவனின் கதை. மகனின் பிறந்தநாளுக்குப் பரிசு எடுத்துக்கொண்டு தகப்பன் வீட்டுக்கு வருகிறான். வழியில் லொறி பழுதாகிவிடுகிறது. காரில் ஏறுகிறான், அதுவும் நின்றுவிடுகிறது. பிறகு மோட்டார் சைக்கிள், அதன் பிறகு சைக்கிள் என்று வாகனங்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன. வாகனம் சிறுக்கச் சிறுக்கப் பக்கமும் சிறுக்கிறது. கடைசியில் அவன் நடந்தே வீடு வந்து சேர்கிறான். இந்தக் கதையை வாசிக்க எழுத்துத் தெரியவேண்டியதில்லை. பக்கத்தைத் திருப்பும் கைக்கே வீடு நெருங்குவது தெரிந்துவிடும். 1945 இல் ஐரோப்பாவின் உடைந்த வீதிகளில் எத்தனையோ தகப்பன்மார் கிடைத்ததில் ஏறியும் மிச்சத்தை நடந்தும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் இந்தச் சின்னக் கதை வேறுமாதிரித் தெரியும்.

இன்னொன்று எப்போதும் திருப்தியில்லாத மிருகங்களின் கதை. யானைக்கு யானையாக இருந்து அலுத்துவிட்டது. அது பறவையாக ஆசைப்படுகிறது. அந்த ஆசை யானையின் படத்தில் ஒரு சின்னக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. பிள்ளை விரலால் திறந்தால்தான் அது தெரியும். பறவைக்கு வேறொன்றாக ஆசை, அதற்கு இன்னொன்றாக ஆசை என்று சுற்றிச் சுற்றிக் கடைசியில் யானையிடமே வந்து நிற்கும். கதவு தட்டும் புத்தகம் ஒன்றும் உண்டு. பெரிய பெட்டியோடு ஒட்டகச்சிவிங்கி வருகிறது. பெட்டிக்குள் இன்னொரு மிருகம், அதனிடமும் ஒரு பெட்டி. திறக்கத் திறக்க மிருகமும் சிறிதாகிறது, பெட்டியும் சிறிதாகிறது. தொப்பியைத் தொலைத்த பையனின் கதையில் அலுமாரியையும் மற்ற இடங்களையும் பிள்ளையே திறந்து தேடவேண்டும். தொப்பி எங்கே இருந்தது என்பதைச் சொல்லி நான் அந்த விளையாட்டைக் கெடுக்கவில்லை.

இப்படியான புத்தகத்தை அச்சிடுவது லேசான காரியமில்லை. சாதாரணப் புத்தகத்தில் ஒரு பெரிய தாளை அச்சிட்டு, மடித்து, தைத்து, ஓரத்தை ஒரேயளவாக வெட்டிவிடுவார்கள். முனாரியின் புத்தகத்தில் பக்கங்கள் ஒரேயளவில்லை. ஒவ்வொரு கதவையும் தனியாக வெட்டி, இடம்பார்த்து ஒட்டவேண்டும். மொத்தம் பத்துப் புத்தகங்கள் திட்டமிடப்பட்டன. ஏழுதான் அப்போது வெளியாகின. மூன்று மேசையிலேயே தங்கிவிட்டன.

சொல் இல்லாத புத்தகம்

1949 இலிருந்து முனாரி வாசிக்க முடியாத புத்தகங்கள் என்று பெயரிட்டுச் சிலவற்றைச் செய்யத் தொடங்கினார். அவற்றில் ஒரு எழுத்தும் கிடையாது, படமும் கிடையாது. நிறக் கடதாசிகள், அவற்றில் குறுக்கும் நெடுக்குமாகச் சில வெட்டுகள், அவ்வளவுதான். புரட்டும்போது ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் வந்து விழும். சிவப்புத் தாளின் வெட்டு ஓரத்தில் வெள்ளைத் தாள் எட்டிப்பார்க்கும்.

இது பெரியவர்களுக்கான வேடிக்கை போலத் தோன்றலாம். ஆனால் முனாரி இதில் ஒரு சோதனையைச் செய்துகொண்டிருந்தார். புத்தகத்திலிருந்து சொல்லையும் படத்தையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? தாளின் தடிப்பு, அதன் நிறம், புரளும்போது வரும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒழுங்கு. இவையும் செய்தி சொல்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. ஊடகம் பற்றிப் பல்கலைக்கழகங்களில் இன்று பாடமாகப் படிக்கிற விடயத்தை அவர் கத்தரிக்கோலால் கண்டுபிடித்தார். சொல் இல்லாமலும் புத்தகம் பேசும் என்றால், சொல் தெரியாத பிள்ளையும் வாசகர்தான்.

இருட்டும் பனிப்புகாரும்

1956 இல் மிலானின் முஜ்ஜானி வெளியிட்ட முனாரியின் புத்தகம் இந்தச் சோதனையின் முழுப் பலன். இருண்ட இரவொன்றில் நடக்கும் கதை அது. முதற் பகுதி முழுவதும் கறுப்புக் கடதாசி. அதில் கடும் நீல மையில் உருவங்கள் அரைகுறையாகத் தெரியும். பக்கங்களினூடாக ஒரு சின்னத் துளை போகிறது. அதன் தூரத்து முனையில் ஒரு மஞ்சள் புள்ளி. என்ன வெளிச்சம் அது என்று பிள்ளை பக்கம் பக்கமாகத் தேடிப் போனால், கடைசியில் அது ஒரு மின்மினி.

விடிந்ததும் கடதாசி மாறிவிடுகிறது. அரைகுறையாக ஊடுதெரியும் மெல்லிய தாள்கள் புல்வெளியாகின்றன. புல்லுக்குள் ஊரும் பூச்சிகள் அடுத்த பக்கத்திலிருந்தே மங்கலாகத் தெரிகின்றன. பிறகு சொரசொரப்பான சாம்பல் நிறத் தாள்கள். அவற்றில் ஒழுங்கற்ற ஓட்டைகள். அது ஒரு குகை. ஓட்டைக்குள்ளால் நுழைந்து நுழைந்து போனால் ஆதிமனிதரின் சுவரோவியங்கள் வருகின்றன. இரவு, பகல், நிலத்தடி என்று எந்த இடத்தையும் முனாரி விவரிக்கவில்லை. அந்தந்த இடத்தைக் கடதாசியே ஆக்கிக்காட்டுகிறது.

1968 இல் எம்மே பதிப்பகம் வெளியிட்ட இன்னொரு புத்தகத்தில் அவர் மிலானின் பனிப்புகாரை இப்படியே செய்தார். கட்டட வரைபடம் கீறுபவர்கள் பயன்படுத்தும் ட்ரேசிங் தாளில் வாகனங்களையும் வீதி விளக்குகளையும் கறுப்பு நிழல்களாக அச்சிட்டார். ஒரு தாளின் கீழே அடுத்த தாளின் நிழல் மங்கலாகத் தெரியும். பக்கத்தைப் புரட்டினால் புகாருக்குள் ஒரு படி முன்னே போய்விட்டோம் என்று அர்த்தம். நடுவிலே திடீரென்று பளிச்சென்ற நிறத் தாள்களில் ஒரு சர்க்கஸ் வருகிறது. பிறகு பூங்காவின் ஊடாக மறுபடி புகாருக்குள் வீடு திரும்பவேண்டும்.

இந்த இரண்டு புத்தகங்களிலும் ஒரு பொதுவான விடயம் உண்டு. இருட்டும் புகாரும் பிள்ளைகளைப் பயமுறுத்துபவை. முனாரி அவற்றை நீக்கவில்லை. அவற்றுக்குள்ளே பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறார். அடுத்த தாளில் என்ன இருக்கும் என்று தெரியாதபோதும் தாளைத் திருப்பும் துணிவு பிள்ளைக்கு வருகிறது. பயப்படாதே என்று சொல்லிக் கொடுப்பதால் அந்தத் துணிவு வருவதில்லை.

மலிவும் விலையும்

முனாரியின் கவனம் புத்தகத்தோடு நிற்கவில்லை. 1953 இல் அவர் செய்த குரங்குப் பொம்மை நுரை ரப்பரால் ஆனது, உள்ளே கம்பி. எப்படி வளைத்தாலும் அப்படியே நிற்கும். இத்தாலியின் பெரிய வடிவமைப்பு விருதான கொம்பாசோ டோரோ 1954 இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அந்தக் குரங்கும் பரிசு பெற்றது. சிறுவர் எழுத்தாளர் ஜியானி ரொடாரியின் நூல்களுக்கு 1960 களில் அவர் வரைந்த படங்கள், பிள்ளைகள் தாங்களே கிறுக்கியவை போல இலேசானவை.

1972 இல் ஐனவுடி பதிப்பகத்துக்காக அவர் ஒரு சிறுவர் நூல்வரிசையைப் பொறுப்பேற்று நடத்தினார். மொத்த மட்டை அட்டையை நீக்கி, கதையை முன்பக்கத்திலிருந்தே தொடங்கிவிட்டார். அட்டைச் செலவு குறைந்தால் விலை குறையும். விலை குறைந்தால் வாங்கமுடியாத வீட்டுக்கும் புத்தகம் போகும்.

அதேவேளை, முனாரியின் மிக அழகான புத்தகங்கள் பலவும் விலை கூடியவை என்பதையும் சொல்லவேண்டும். துளையிட்டு, தனித்தனியாக வெட்டி, பலவகைத் தாள்களைச் சேர்த்துத் தைத்த புத்தகம் மலிவாக வராது. அவற்றில் சில வடிவமைப்புப் பொருட்கள் விற்கும் கடைகளில் வசதியானவர்களின் கைக்கே போயின. எல்லாப் பிள்ளைகளுக்கும் என்ற அவருடைய ஆசைக்கும் அவர் செய்த பொருளின் விலைக்கும் இடையே இருந்த இந்த இழுபறி கடைசிவரை தீரவில்லை. ஆனால் அதற்கு அவர் வேறொரு வழியையும் திறந்தார். பொருளைக் கொடுக்கமுடியாத இடத்தில் செய்முறையைக் கொடுத்தார்.

இடிந்து எழுந்த கூடத்தில்

1943 இல் குண்டு விழுந்து இடிந்த பிரேரா ஓவியக்கூடம் 1950 இல் திருத்தப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. அதே கூடத்தில் 1977 இல் முனாரி சிறுவர்களுக்கான பட்டறை ஒன்றை ஆரம்பித்தார். கலையோடு விளையாடுவது என்பது அதன் கருத்து. புகழ்பெற்ற ஓவியங்களின் முன்னால் பிள்ளைகளை நிறுத்திவைத்து விளக்கம் சொல்வதை அவர் விரும்பவில்லை. கடதாசியை எத்தனை விதமாகக் கிழிக்கலாம், ஒரே நிறத்தில் எத்தனை நிறங்கள் உண்டு, வெவ்வேறு பொருட்களால் கோடு போட்டால் கோடு எப்படி மாறும் என்று பிள்ளைகளே செய்து பார்த்தார்கள். எதைச் செய்யவேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லக்கூடாது, எப்படிச் செய்யலாம் என்று செய்துகாட்டினால் போதும் என்பது அவருடைய முறை.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 1976 இல், பார்வையற்ற சிறுமி ஒருத்திக்கென அவர் ஒரு செய்தி செய்தார். தொடுகைக்கு வெவ்வேறு விதமாகப் படும் பொருட்களை வரிசையாகச் சேர்த்த செய்தி அது. மேலிருந்து கீழாகக் கையால் தடவிக்கொண்டு போனால் ஒவ்வொன்றாக வாசிக்கலாம். கண்ணால் வாசிப்பது மட்டும்தான் வாசிப்பு என்ற எண்ணத்தை அவர் ஏற்கவேயில்லை.

பன்னிரண்டு சின்னப் புத்தகங்கள்

இந்தப் பாதை முழுவதும் வந்து சேர்ந்த இடம் 1980. அந்த வருடம் மிலானின் டனேசே நிறுவனம் முனாரியின் முன்புத்தகங்களை வெளியிட்டது. புத்தகத்துக்கு முந்திய புத்தகங்கள் என்று பொருள். ஒரு பெட்டிக்குள் 12 சின்னப் புத்தகங்கள். ஒவ்வொன்றும் 10 சென்ரிமீற்றர் சதுரம். மூன்று வயதுப் பிள்ளையின் உள்ளங்கைக்குச் சரியான அளவு. ஒன்று கடதாசியால் ஆனது, ஒன்று துணியால், ஒன்று மரத்தால், ஒன்று ஊடுதெரியும் பிளாஸ்டிக்கால். பக்கங்களைச் சேர்த்துக் கட்டிய முறையும் ஒவ்வொன்றுக்கும் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு: புத்தகம்.

எழுத்துத் தெரியாத வயதில் பிள்ளை உலகத்தை அறிவது தொட்டும் முகர்ந்தும் கேட்டும்தான். அந்த வயதில் புத்தகம் என்ற பொருளோடு நல்ல உறவு ஏற்பட்டுவிட்டால், பின்னர் பாடசாலையில் அது பயமுறுத்தும் பொருளாக வந்தாலும் பிள்ளை அதைக் கைவிடாது. புத்தகத்துக்குள் எப்போதும் ஒரு ஆச்சரியம் இருக்கும் என்பதைக் கை ஞாபகம் வைத்திருக்கும். முனாரி நம்பியது இதைத்தான். அந்தப் பெட்டி, வாசிக்கத் தெரியாதவருக்கான ஒரு முழு நூலகம்.

ஐந்து வயதில் தகப்பனின் முதற் புத்தகங்களுக்கு வாசகனாக இருந்த அல்பேர்ட்டோ வளர்ந்து உளவியலாளரானார். ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். பிள்ளைகளின் அறிவு எப்படி வளர்கிறது என்று பியாஜே ஆராய்ந்த நகரம் அது.

மேசையில் தங்கிய மூன்று

முனாரி கடைசிவரை வேலைசெய்தார். 1985 இல், ஜப்பானின் ரோக்கியோ நகரிலிருந்த சிறுவர் நிலையத்துக்குத் தன் பட்டறையைக் கொண்டுபோனார். மொழி தெரியாத பிள்ளைகளோடு வேலைசெய்வது அவருக்குப் புதிதல்ல. மொழியே இன்னும் வராத பிள்ளைகளுக்காக அவர் அதற்குள் 40 வருடங்கள் உழைத்திருந்தார்.

1945 இல் வெளிவராமல் தங்கிய மூன்று புத்தகங்களும் 1997 இல்தான் அச்சேறின. மந்துவா நகரின் கொறாயினி பதிப்பகம் அவற்றை வெளியிட்டது. பழைய ஏழையும் அதே பதிப்பகம் மறுபடி பதிப்பித்தது. அடுத்த வருடம், 1998 செப்டெம்பர் மாத இறுதியில், பிறந்த நகரமான மிலானிலேயே முனாரி இறந்தார்.

போர் முடிந்த ஊரில் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது சோறும் கூரையும் மருந்தும். அதற்குப் பிறகு பாடசாலை, சீருடை, பாடப்புத்தகம் என்று பட்டியல் நீளும். விளையாட்டுக்கும் ஆச்சரியத்துக்கும் அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பது அரிது; நிலைமை சீரானதும் பார்க்கலாம் என்று ஒதுக்கிவிடுவார்கள். நிலைமை சீராகும்போது அந்தப் பிள்ளை வளர்ந்திருக்கும். முனாரி காத்திருக்கவில்லை. நகரம் இடிபாடாகக் கிடந்த வருடத்திலேயே, ஐந்து வயது விரல் ஒன்று திறப்பதற்காகக் கடதாசியில் கதவு வெட்டினார். அதற்குத் தேவைப்பட்ட மூலப்பொருள் எந்த வீட்டிலும் கிடைக்கக்கூடியது: கொஞ்சம் கடதாசி, ஒரு கத்தரிக்கோல், கொஞ்சம் பசை, பிள்ளையோடு குந்தியிருக்க ஒரு பெரியவர்.